பரவியதா? பரப்பினரா?

நாளேட்டை விரித்தால் நாள் தவறாமல் நம் கண்ணில் படும் சொல் ஒன்றுண்டு. வதந்தி பரவியது, காய்ச்சல் பரவியது, கலவரம் பக்கத்து ஊருக்கும் பரவியது, புதிய வழக்கம் நாடெங்கும் பரவி வருகிறது. எழுதியவருக்கு எளிது, படிப்பவருக்கும் எளிது. ஆனால், யார் செய்தார்? எதனால் நேர்ந்தது? எங்கிருந்து புறப்பட்டது? என்று கேட்டால் அந்த வாக்கியத்தில் விடையில்லை. எழுவாயாக நிற்கும் வதந்தியும் காய்ச்சலும் கலவரமும் தாமே காலெடுத்து நடந்து வந்தனபோல ஒரு தோற்றம். இச்சொல்லை இன்று சற்றே நிறுத்தி வைத்து விசாரிக்க எண்ணுகிறோம். சொல்லாராய்ச்சி புலவர்களின் பொழுதுபோக்கு என்று இளைஞர்கள் ஒதுங்கிவிட வேண்டா. இதில் உயிர்கள் போயிருக்கின்றன. அதற்கு வருவோம்.

தமிழில் திருந்து என்றால் தானே திருந்துவது. திருத்து என்றால் பிறரைத் திருத்துவது. அடங்கு, அடக்கு, உருள், உருட்டு, இந்த வரிசையில் நிற்பவையே பரவு என்பதும் பரப்பு என்பதும். முன்னது தன்வினை, பின்னது பிறவினை. தரையில் கொட்டிய எண்ணெய் பரவுகிறது. பாயை நாம் பரப்புகிறோம். களத்து நெல் தானே பரவுவதில்லை. அதைக் காலால் அளைந்து பரப்புகிறவள் ஒருத்தி வெயிலில் நிற்கிறாள். ஆங்கிலத்தில் இவ்விரண்டு செயலுக்கும் ஒரே சொல். இடம் நோக்கித்தான் பொருள் கொள்ள வேண்டும். நம் மொழிக்கு அந்த இடர்ப்பாடு இல்லை. செய்தவன் ஒருவன் உண்டா இல்லையா என்பதை ஓரெழுத்து மாற்றத்தில் காட்டிவிடும் கருவி நம் கையில் இருக்கிறது. இருந்தும், ஆங்கிலச் செய்தியைத் தமிழாக்கும் அவசரத்தில், வந்த இடமெல்லாம் 'பரவியது' என்று எழுதி அக்கருவியைத் துருப்பிடிக்க விடுகிறோம். இதுவே நம் குறை கூறலின் அடிப்படை.

இச்சொல்லின் சுற்றம் பெரிது. பரந்து கிடப்பதால் கடலுக்குப் பரவை என்று பெயர். யாழ்ப்பாணத்தில் பரப்பு என்பது நிலம் அளக்கும் அளவை. பதினாறு பரப்பு கொண்டது ஓர் ஏக்கர். உழுத சேற்றைச் சமன் செய்ய உழவர் இழுக்கும் பலகை பரம்பு. நாற்றங்காலில் விதை தூவுதலைப் பாவுதல் என்கிறோம். தறியில் நீளவாட்டில் நீட்டிய நூலும் பாவுதான். கொடி செல்வது படர்தல். ஒன்றோடொன்று கலந்து நிற்பது விரவுதல். ஒழுங்கின்றி விழுவது சிதறுதல். ஒவ்வொன்றுக்கும் ஒரு வேறுபாடு, ஒரு நுட்பம். உழவனும் நெசவாளியும் இவற்றைக் குழப்பிக்கொள்வதில்லை. படித்தவர்களாகிய நாமே குழப்புகிறோம்!

பழைய இலக்கியத்தில் பரவுதலுக்கு இன்னொரு பொருளும் உண்டு. போற்றுதல், துதித்தல், வழிபடுதல். 'தேவர் பரவும் திருவடி' என்ற பாங்கில் பாடியவர் பலர். விரிதலும் வணங்குதலும் ஓர் ஒலியில் எப்படிக் கூடின என்பது அறிஞர் ஆராய வேண்டியது. ஆனால், ஒன்றை எங்கும் விரியச் செய்ய வேண்டுமானால் அதற்கு முதலில் வாய்கள் பல வேண்டும் என்ற உண்மை அதில் ஒளிந்து கிடப்பதாக நமக்குத் தோன்றுகிறது. இது நம் நயப்பாடே தவிர இலக்கணம் அன்று.

இனி அறிவியலுக்குச் செல்வோம். அங்குதான் 'பரவல்' என்ற தன்வினைப் பெயர் தன் முழு உரிமையோடு வீற்றிருக்கிறது. அசையாத நீரில் ஒரு துளி மை விழுகிறது. எவரும் கலக்கவில்லை, மெல்ல மெல்ல நீர் முழுவதும் நிறம் ஏறுகிறது. மையின் நுண்துகள் ஒவ்வொன்றும் நீரின் மூலக்கூறுகளால் இடிபட்டு இப்பக்கமும் அப்பக்கமும் தள்ளாடுகிறது. அதற்குத் திசையில்லை, நோக்கமில்லை. ஆயினும், செறிவு மிகுந்த இடத்திலிருந்து புறப்படுபவை மிகுதி, செறிவு குறைந்த இடத்திலிருந்து திரும்புபவை குறைவு என்ற எண்ணிக்கைக் கணக்கால் மட்டுமே மொத்தமும் வெளிநோக்கி விரிகிறது. நீரில் மிதந்த நுண்துகள்களின் ஓயாத் துடிப்பை ராபர்ட் பிரௌன் 1827இல் உருப்பெருக்கியில் கண்டார். உயிரில்லாத தூளும் அவ்வாறே துடித்தது கண்டு, இது உயிரின் ஆற்றல் அன்று என்றும் தெளிந்தார். செறிவு வேறுபாட்டுக்கும் பரவும் வேகத்துக்கும் உள்ள தொடர்பை 1855இல் அடால்ஃப் ஃபிக் விதியாக்கினார். 1905இல் ஐன்ஸ்டைன் அந்தத் துடிப்புக்கு மூலக்கூறுக் கணக்கே காரணம் என்று காட்டினார்.

அந்தக் கணக்கில் நம் இளைஞர்கள் அறிய வேண்டிய ஒரு வியப்புண்டு. பரவல் குறுந்தொலைவில் குதிரை, நெடுந்தொலைவில் நத்தை. இருமடங்கு தொலைவுக்கு நான்கு மடங்கு காலம். ஆயிரம் மடங்கு தொலைவுக்குப் பத்து இலட்சம் மடங்கு காலம். நீரில் கரைந்த ஆக்சிஜன் ஒரு மில்லிமீட்டரின் நூற்றில் ஒரு பங்கைக் கடக்க ஒரு நொடியின் நாற்பதில் ஒரு பங்கு போதும். ஒரு சென்டிமீட்டரைக் கடக்க ஏறத்தாழ ஏழு மணி நேரம் ஆகும். ஒற்றை உயிரணுவுக்கு இதயம் வேண்டியதில்லை. நமக்கு வேண்டியிருப்பது இதனால்தான். உந்துபவன் இல்லாதது உலகெங்கும் தானே விரைந்து போய்விடாது. விரைந்து வெகுதொலைவு போயிருந்தால், எங்கோ ஓர் இதயம் இறைத்திருக்கிறது என்று பொருள். இதை மனத்தில் இருத்திக்கொண்டு மேலே செல்வோம்.

இடையே நம் பாடநூல்களின் கலைச்சொல் நிலையையும் சொல்ல வேண்டியிருக்கிறது. தமிழ்நாட்டு மாணவன் உயிரியல் வகுப்பில் 'பரவல்' என்று படிப்பதை வேதியியல் வகுப்பில் 'விரவுதல்' என்று படிக்கிறான். கணித வகுப்புக்குப் போனால் 'நிகழ்தகவுப் பரவல்' என்றும் 'ஈருறுப்புப் பரவல்' என்றும் அதே பரவல் வேறொரு பொருளில் வந்து நிற்கிறது. அங்கே எதுவும் எங்கும் பரவவில்லை. மதிப்புகள் எவ்வெவ்வாறு பங்கிடப்பட்டுக் கிடக்கின்றன என்பதே அங்குப் பொருள். ஒரு பொருளுக்கு இரு சொல். ஒரு சொல்லுக்கு இரு பொருள். இலங்கைத் தமிழர் இதில் நம்மினும் கூர்மையாக நடந்துகொண்டனர் என்பதை ஒப்புக்கொள்வதில் நமக்கு நாணமில்லை. துகள் விரிவது அவர்க்குப் பரவல். கணக்கில் கிடக்கை பரம்பல். 'குடித்தொகைப் பரம்பல்' என்றே அவர்தம் புவியியல் பேசுகிறது. ஓரெழுத்து மாற்றி இரண்டையும் பிரித்துவிட்டனர். ஆனால் சவ்வின் வழியே நீர் ஊடுருவுவதற்கு அவர்கள் 'பிரசாரணம்' என்று வடசொல்லை வைத்திருக்க, நாம் 'சவ்வூடு பரவல்' என்று ஆக்கிக்கொண்டோம். சொல்லைக் கேட்டவுடனே செயல் விளங்குகிறது. அவர்களின் பரம்பலை நாமும், நம் சவ்வூடு பரவலை அவர்களும் எடுத்துக்கொண்டால் இரு கரைக்கும் இழப்பில்லை.

பிறவினையைப் பெருமையோடு ஏந்தி நிற்கும் ஆக்கங்களும் நம்மிடம் உண்டு. ஒலிபரப்பு என்ற சொல்லைப் பாருங்கள். 'ஒலிபரவல்' என்று நாம் சொல்லவில்லை. நிலையத்தில் ஒருவன் அமர்ந்து பரப்புகிறான் என்பதை அச்சொல் மறைக்கவில்லை. ஒரு லகரத்தை ளகரமாக்கி ஒளிபரப்பு என்று தொலைக்காட்சிக்கும் வைத்துக்கொண்டோம். ஆங்கிலத்தில் இதற்கு வழங்கும் சொல் முதலில் உழவனுடையது. கையால் விதையை வீசி இறைப்பதைக் குறித்தது. தேர்தல் காலத்துப் பரப்புரை என்ற சொல்லும் அவ்வாறே நேர்மையானது. பிரச்சாரம் என்பதற்கு மேலைநாட்டார் வழங்கும் சொல்லின் பிறப்போ சுவையானது. 1622இல் போப்பாண்டவர் பதினைந்தாம் கிரகோரி தம் சமயத்தைப் பிற நாடுகளில் பரப்புதற்கென ஒரு பேராயம் நிறுவினார். அதன் இலத்தீன் பெயரிலிருந்து வந்ததே அச்சொல். அதற்கும் முந்திய வேர் தோட்டக்காரனிடம் இருக்கிறது; கிளையை வளைத்து மண்ணில் பதியம் போடுவதே அதன் பழைய பொருள். பதியத்துக்கு ஒரு கை வேண்டும், ஒரு கத்தி வேண்டும், கிளையை அழுத்தி வைக்க ஒரு கல்லும் வேண்டும். ஆதலால், 'அம்மதம் பரவியது', 'இம்மதம் பரவியது' என்று வரலாற்று நூலார் எழுதும்போது, கை எது, கத்தி எது, கல் எது என்று கேட்பது குறும்பன்று. அச்சொல்லே கேட்கச் சொல்கிறது.

மொழிக்கும் அதுவே. தென்னாட்டில் இந்தியைக் கற்பிக்க 1918இல் காந்தியார் தொடங்கிய சபை தன் பெயரிலேயே 'பிரச்சார' என்று வைத்துக்கொண்டது. அதன் நோக்கத்தில் நமக்கு உடன்பாடில்லை. ஆனால், செய்வதைச் சொல்லிச் செய்த நேர்மையை ஒப்புகிறோம். 1938இல் சென்னை மாகாணப் பள்ளிகளில் அரசாணையால் புகுத்தப்பட்டு, கிளர்ச்சியின் பின் 1940இல் திரும்பப் பெறப்பட்ட ஒன்றைப் 'பரவல்' என்று எவரேனும் எழுதினால் அவர்க்கு இலக்கணமும் தெரியாது, வரலாறும் தெரியாது. ஆணை பிறந்தால் பரவுவதும், ஆணை இறந்தால் நிற்பதும் மைத்துளிக்கு வழக்கமில்லை.

நம் தோழர்களையும் இங்கே விடுவதற்கில்லை. 'அறிவு தானே பரவும். மூடத்தனம் தானே ஒழியும்' என்று மேடையில் முழங்கிவிட்டு வீட்டுக்குப் போய்விடுகிறவர்கள் உண்டு. அவர்களுக்காக ஒரு சோளக் கதை. அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் 1928இல் கலப்பினச் சோள விதை வந்தது. விளைச்சல் ஏறத்தாழ 20 விழுக்காடு கூடுதல். ஐயத்துக்கு இடமில்லாத ஆதாயம். ஆயினும், இரண்டு ஊர்களின் 259 உழவர்களில் இருவர் தவிர அனைவரும் அதை ஏற்றுக்கொள்ளப் பதின்மூன்று ஆண்டுகள் ஆயின. ரையன், கிராஸ் என்னும் இருவர் 1943இல் வெளியிட்ட ஆராய்ச்சி இது. உழவர்க்கு விதையைப் பற்றி முதலில் சொன்னவன் பெரும்பாலும் விதை வணிகன். நம்பச் செய்தவனோ பக்கத்து வயல்காரன். பின்னர் 1962இல் எவரெட் ரோஜர்ஸ் இத்தகைய ஆய்வுகளைத் திரட்டிப் 'புதுமைகளின் பரவல்' என்று நூல் எழுதினார். தலைப்பில் பரவல், உள்ளேயோ பக்கந்தோறும் பரப்பியவர்கள்! காசு கொழிக்கும் சோளத்துக்கே பதின்மூன்று ஆண்டும் ஒரு வணிகனும் ஓர் அயலானும் வேண்டியிருந்தது என்றால், எவர்க்கும் காசு தராத பகுத்தறிவு தானே பரவும் என்று காத்திருப்பவரை என்னென்பது?

நோயின் கதைதான் நாம் தொடக்கத்திலேயே குறிப்பிட்டது. பெரியம்மை கண்ட வீட்டில் நம் முன்னோர் 'நோய் பரவியது' என்று சொன்னதில்லை. 'ஆத்தா வந்திருக்கிறாள்', 'அம்மை வார்த்திருக்கிறது' என்றனர். வாசலில் வேப்பிலை செருகினர். அதைக் கண்டு அயலார் உள்ளே வாராதிருந்த அளவுக்கு அதில் ஒரு பயனும் இருந்தது என்பதை மறுக்கமாட்டோம். ஆனால் வந்தவள் தேவியானால் அவளைத் தடுப்பது பாவமாகிறது, வரவேற்பதே கடமையாகிறது. அம்மை குத்த வந்தவர்களைக் கண்டு கதவடைத்த வீடுகள் எத்தனை! சென்னைக் கிண்டியில் 1899இல் அம்மைப்பால் உண்டாக்கும் நிலையம் தொடங்கப்பட்டது. அது உண்டாக்கிய பால் ஊசி முனை வரை வந்தும், ஊர் அதன் முன் கை நீட்ட மறுத்தது. 'வந்தாள்' என்ற இடத்தில் 'பரவியது' என்று சொல்லப் பழகியது, ஆகவே, ஒரு பெரும் முன்னேற்றம். அதிலும் ஒருபடி மேலே சென்று, 'எவரிடமிருந்து எவர்க்கு?' என்று ஒவ்வொரு நோயாளியாகத் தேடி, தொடர்புடையோரைச் சுற்றி வளைத்து ஊசி குத்தியபோதுதான் அது ஒழிந்தது. இந்தியாவில் 1975 மே மாதத்தோடு அது அற்றது. 1980 மே 8ஆம் நாள் உலகினின்றே ஒழிந்ததென்று உலக சுகாதார மன்றம் அறிவித்தது. வந்தாள், பரவியது, எவர் வழியே? இந்த மூன்று வினைகளுக்கும் இடையே கிடப்பவை எண்ணிலடங்காப் பிணங்கள்.

இலண்டன் மாநகரும் இப்படிகளில் ஏறித்தான் வந்தது. 1854இல் அங்கே வாந்திபேதி. கெட்ட காற்றால் பரவுகிறது என்றனர் மருத்துவப் பெரியோர். காற்றென்றால் குற்றவாளி இல்லை, எல்லார்க்கும் வசதி. ஜான் ஸ்நோ என்ற மருத்துவர் அதை ஏற்கவில்லை. நகரின் தென்பகுதியில் ஒரே தெருவில் அடுத்தடுத்த வீடுகளுக்கு இரு வேறு நிறுவனங்கள் குழாய்நீர் தந்தன. காற்று ஒன்று, தெரு ஒன்று; நீர் மட்டும் வேறு. சவுத்வர்க் வாக்ஸ்ஹால் நிறுவனம் சாக்கடை கலந்த இடத்துத் தேம்ஸ் நீரை இறைத்தது. லாம்பெத் நிறுவனம் 1852இல் ஆற்றின் மேற்பகுதிக்கு மாறிவிட்டது. வீடு வீடாய்க் கேட்டுக் கணக்கெடுத்தார் ஸ்நோ. கொள்ளை நோயின் முதல் ஏழு வாரங்களில் முன்னதன் 40,046 வீடுகளில் 1,263 சாவு. பின்னதன் 26,107 வீடுகளில் 98 சாவு. பத்தாயிரம் வீட்டுக்கு 315 என்பது ஒருபுறம், 37 என்பது மறுபுறம். நுண்ணுயிரைக் கோக் கண்டு காட்டியதோ முப்பதாண்டுகட்குப் பின்னர்! கிருமியை எவரும் ஒப்புக்கொள்ளாத காலத்தில், வினைமுற்றை மாற்றிப் போட்டே உண்மையைத் தொட்டார் அவர். பரவவில்லை, குழாய் வழியே, கட்டணம் வாங்கிக்கொண்டு, பரப்பப்பட்டது.

நம் நாட்டில், நம் காலத்தில், 2018 மே மாதம். பிள்ளை பிடிக்கும் கூட்டம் ஊருக்குள் இறங்கியிருக்கிறது என்று வாட்ஸ்அப்பில் வதந்தி. திருவண்ணாமலை மாவட்டத்தில், கோயிலுக்குச் சென்ற வழியில் குழந்தைகளுக்கு இனிப்புக் கொடுத்த மூதாட்டி ஒருவர் அடித்தே கொல்லப்பட்டார். 'வதந்தி பரவியதால்' என்றே எழுதினர். ஒவ்வொரு செய்தியும் ஒரு விரல் அழுத்தியே அடுத்த கைக்குப் போனது. அழுத்தியவன் நம்மைப் போல் படித்தவன். 'எதற்கும் எச்சரிக்கையாக இருக்கட்டுமே' என்று அனுப்பியவன். அவ்வாண்டு ஜூலையில் அந்நிறுவனம் இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து பேர் அல்லது குழுக்களுக்கு மேல் அனுப்ப இயலாதபடி வரம்பு வைத்தது. 2020 ஏப்ரலில், பன்முறை கைமாறிய செய்திக்கு அதையும் ஒன்றாகக் குறைத்தது. மையைத் தடுக்க எவரும் இவ்வாறு வரம்பு வைப்பதில்லை. கைகளுக்குத்தான் வரம்பு. 'பரவியதால்' என்ற அந்த ஒரு சொல், அனுப்பிய ஒவ்வொருவர்க்கும் விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்துவிட்டது.

இதுவரை படித்தவர், இனி எங்கும் பரப்பினர் என்றே எழுதுவோம் என்று துணிந்துவிடக் கூடும். அங்கேதான் நிற்க வேண்டும். பிறவினையைத் தவறான இடத்தில் போடுவது தன்வினையைத் தவறாகப் போடுவதினும் கொடியது.

2020இல் கொரோனா வந்தது. பேசினால், இருமினால், ஒரே அறையில் மூச்சு விட்டால் ஒருவரிடமிருந்து மற்றவர்க்குத் தொற்றியது. தான் சுமப்பதையே அறியாதவர் பலர் சுமந்தனர். பரவல் என்ற தன்வினைக்கு இதைவிடத் தகுந்த இடம் இல்லை. 'சமூகப் பரவல்' என்ற கலைச்சொல் அப்போது தெருமுனைத் தேநீர்க் கடை வரை வந்தது. அதன் நுட்பப் பொருளை எத்தனை பேர் எண்ணிப் பார்த்தோம்? ஒருவர்க்கு நோய் எவரிடமிருந்து வந்தது என்று தொடர்பு காட்ட இயலாத நிலைக்கே அப்பெயர். மூலம் இன்னதென்று சொல்ல முடியாது என்பதே அச்சொல்லின் இலக்கணம். அதே நாட்களில், மார்ச் மாதம் தில்லியில் நடந்த இஸ்லாமியச் சமயக் கூட்டம் ஒன்றைக் காட்டி, ஒரு சமயத்தார் வேண்டுமென்றே நோயைப் 'பரப்பினர்' என்று பேசினர், எழுதினர், எழுதியதைக் கைமாற்றி அனுப்பினர். அக்கூட்டத்தில் தொற்று நேர்ந்தது உண்மை. அங்கிருந்து ஊர் திரும்பியவர் பலர்க்கு நோய் இருந்ததும் உண்மை. கூடியது தவறு என்று எவரும் சொல்லலாம். எம்மதத்தார் கூடினும் அதையே சொல்வோம். ஆனால் தொற்றியதற்கும் தொற்ற வைத்ததற்கும் இடையே உள்ள வேறுபாடு பரவுக்கும் பரப்புக்கும் உள்ள வேறுபாடே. ஓரெழுத்தில் ஒரு சமூகம் குற்றவாளிக் கூண்டில் ஏற்றப்பட்டது. காய்கறி விற்க வந்தவனின் பெயரைக் கேட்டுவிட்டு வாங்கும் நிலை பல ஊர்களில் வந்தது. ஆத்தா வந்தாள் என்றவர்களின் பேரப்பிள்ளைகள், வந்தவளின் இடத்தில் அயல்வீட்டுக்காரனை வைத்தனர்!

2020 ஆகஸ்ட் 21ஆம் நாள் பம்பாய் உயர்நீதிமன்றத்தின் ஔரங்காபாத் அமர்வு, அக்கூட்டத்தை ஒட்டி வெளிநாட்டவர் மீது போடப்பட்ட வழக்குகளைத் தள்ளியது. பலிகடாவாக்க ஆள் தேடப்பட்டு இவர்கள் தேர்ந்தெடுக்கப்பட்டனர் என்று தோன்றுவதாகவும் சுட்டியது. தீர்ப்பு வந்த மறுநாள் ஏடுகளைப் புரட்டினோம். செய்தி இருந்தது. மார்ச்சிலும் ஏப்ரலிலும் போட்ட வினைமுற்றை எவரும் திருத்தியதாக நாம் காணவில்லை.